மூன்று முறை இறங்கி மூன்று முறை திரும்பி வந்த எடை

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். வயது 31, உயரம் 158 சென்டிமீட்டர். எடை 62 கிலோ. ஒரு கிலோ கூடும், ஒரு கிலோ குறையும். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறீர்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் "ஒரு பத்து கிலோ குறைச்சா எவ்வளவு நல்லா இருப்பே" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆறு வருடத்தில் மூன்று முறை 54 வரை இறக்கினீர்கள். மூன்று முறையும் ஒன்றரை வருடத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கடைசி முறை 54-ல் இருந்தபோது மாதவிடாய் இரண்டு மாதம் வரவில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "எனக்கு மனவுறுதி இல்லையா, இல்லை என் உடம்பே இப்படித்தானா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. 62 கிலோ உங்கள் உடம்புக்குக் கெடுதல் செய்கிறதா என்பது ஒன்று. 54 கிலோவில் நீங்கள் நிலைத்து வாழ முடியுமா என்பது இன்னொன்று. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. பார்க்க எப்படி இருக்கிறீர்கள் என்ற மூன்றாவது கேள்விக்குச் சொல்கிறார்கள். ஆனால் "உன் ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்றேன்" என்று முதல் கேள்வியின் சட்டையை அதற்கு மாட்டிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் ஹார்மோன் சிகிச்சைப் பிரிவில் 21 வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை எதையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் அறையில் எடை மெஷின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்கள் வருவார்கள், ஷூவோடு ஏறுவார்கள், பையில் போனும் சாவிக்கொத்தும் இருக்கும், எண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு இறங்குவார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள், வாட்சைக் கழற்றுவார்கள், ஹேண்ட்பேக்கை நாற்காலியில் வைப்பார்கள். தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, கையில் இருந்தாலும் அதே எடைதானே என்று உறைத்ததும் என் மேசைமேல் வைத்த ஒருவரை இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கிளிப் ஐந்து கிராம் இருந்திருக்குமா? சிலர் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறுவார்கள். சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீங்களே பாத்துக்கோங்க, எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பார்கள். தைராய்டுக்கு வந்தவரும் இப்படித்தான், வயிற்றில் குழந்தையோடு வந்தவரும் இப்படித்தான். தேர்வு முடிவு பார்க்கிற முகம்.

அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிற அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830-களில் போட்டவர் அடால்ஃப் கெத்தலே. பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். மனிதக் கூட்டத்தை அளந்து "சராசரி மனிதன்" யார் என்று கண்டுபிடிப்பது அவர் ஆசை. குண்டா ஒல்லியா, நோயா நலமா என்பதெல்லாம் அவர் கவலையே இல்லை. நூறு வருடம் கழித்து, 1940-களில், அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் பாலிசிதாரர்களின் கணக்கிலிருந்து "உகந்த எடை" அட்டவணை தயாரித்தது. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் கெத்தலேயின் கணக்கைத் தூசு தட்டி எடுத்து பிஎம்ஐ என்று பெயர் வைத்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அத்தனை பேரும் ஆண்கள்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 62 கிலோ, 1.58 மீட்டர்: பிஎம்ஐ 24.8. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5 முதல் 25 வரை சரியான எடை, ஆக நீங்கள் பாஸ். அதே நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004-ல் ஆசிய மக்களுக்கென்று 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைக் கோடுகளைச் சேர்த்தது. அதன்படி 57 கிலோவைத் தாண்டியதுமே நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் ஒரு அட்டவணை, மாலையில் இன்னொரு அட்டவணை; உடம்பு ஒன்றுதான். அமெரிக்காவில் 1998-ல் பெண்களுக்கு 27.3 ஆகவும் ஆண்களுக்கு 27.8 ஆகவும் இருந்த கோட்டை இருவருக்கும் 25 என்று இறக்கினார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கிராம்கூடக் கூடாமல் ஒரே நாளில் "அதிக எடை" ஆனார்கள்.

இதைச் சொல்வதால் அட்டவணை எல்லாம் பித்தலாட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசியர்களுக்குக் கோட்டை இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்கு உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகம், அதிலும் வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்வது அதிகம். சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே எட்டிப் பார்க்கிறது. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதை எடை மெஷின் சொல்லாது. தொடையிலும் பின்புறத்திலும் சேர்கிற கொழுப்பு பெரும்பாலும் சாது; வயிற்றுக்குள் சேர்வதுதான் வம்பு பண்ணும். வேடிக்கை என்னவென்றால், பெண்களை ஊரே கிண்டல் பண்ணுவது பெரும்பாலும் அந்தச் சாதுக் கொழுப்புக்குத்தான். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2023-ல், பிஎம்ஐயைத் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது, இடுப்பளவு, ரத்தப் பரிசோதனை போன்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இனி உங்கள் மனவுறுதிக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் தயங்காமல் பேசலாம், ஏனென்றால் ஆதாரம் பலமாக இருக்கிறது. எடையை இறக்கும்போது உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும்; மூளை அதைப் பஞ்சம் என்றுதான் புரிந்துகொள்கிறது. பசியைக் கூட்டும், செலவைச் சுருக்கும். பத்து சதவீத எடை குறைந்தவர்களை 1995-ல் அளந்தபோது, உடம்பு சிறிதானதால் எவ்வளவு செலவு குறைய வேண்டுமோ அதைவிட அதிகமாகவே குறைந்திருந்தது. 62-லிருந்து 54 என்பது பதின்மூன்று சதவீதம். 2011-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பத்து வாரம் கடுமையான டயட்டில் இருந்தவர்களின் பசி ஹார்மோன்களை ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். அப்போதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகமாகத்தான் இருந்தது. டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும்! அந்தப் பசியோடுதான் நீங்கள் ஒன்றரை வருடம் மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள், அதுவும் மூன்று முறை. மனவுறுதி இல்லாதவர் செய்கிற காரியமா இது?

பிஎம்ஐக்குப் பெயர் வைத்த அதே ஆன்செல் கீஸ், 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டினிப் பரிசோதனை தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1570 கலோரி. எடையில் கால் பங்கு போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் மனதுக்கு நடந்தது. திருமணம், அரசியல், படிப்பு எதிலும் நாட்டமில்லை. சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். கோடையில் குளிருகிறது என்றார்கள். பிறகு வயிறார உணவு கிடைத்தபோது பலர் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட்டார்கள், முன்பு இருந்ததைவிட அதிகக் கொழுப்போடுதான் ஒரு காலத்துக்கு இருந்தார்கள். உடல்நலமும் மனநலமும் பார்த்துப் பொறுக்கியெடுத்த இளைஞர்கள் அவர்கள். அவர்களைவிடப் பெண்கள் உருவத்தில் சிறியவர்கள் என்பதால் கலோரியை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் 1200 கலோரி, 1000 கலோரி என்று அச்சடித்த டயட் சார்ட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்து, "ராத்திரி பூரா சாப்பாட்டு வீடியோவா பாத்துட்டிருக்கேன், எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அழுத பெண்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

உடம்பே இப்படித்தானா என்ற பாதிக்கு இப்போது. ஓரளவுக்கு ஆமாம். டென்மார்க்கில் சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை வளர்ந்த பிறகு ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. யார் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தார்களோ அந்த வளர்த்தவர்களோடு ஒட்டவே இல்லை. பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. உயரத்தை யாரும் "கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே" என்று கேட்பதில்லை. எடை உயரம் அளவுக்குப் பிறப்போடு வந்ததில்லைதான். ஆனால் நாம் நினைப்பதைவிட அதற்கு நெருக்கம்.

அடுத்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். ஒவ்வொருவர் உடம்பிலும் ஓர் எடை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, எங்கே போனாலும் அங்கேயே திரும்பும் என்று ஒரு கருத்து உண்டு. செட் பாயின்ட் என்பார்கள். உங்கள் 62 அதற்கு அச்சு அசலான உதாரணம் போலத் தெரியும். ஆனால் அப்படி ஒரே எண் பிறப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தால், 1970-களுக்குப் பிறகு நாடு நாடாகச் சராசரி எடை ஏறியிருக்க முடியாது; மரபணு ஐம்பது வருடத்தில் மாறாது. தூக்கம், மனஅழுத்தம், உட்கார்ந்தே பார்க்கிற வேலை, கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் கிடைக்கிற தீனி, இவையெல்லாம் அந்த இடத்தை நகர்த்துகின்றன. மேலே நகர்த்துவது சுலபம், கீழே நகர்த்துவது கடினம் என்பது வரை பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படி என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. என்னைக் கேட்டால், இயல்பான எடை என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு திண்ணை. ஐந்தாறு கிலோ அகலம் இருக்கும். அதில் இந்த ஓரத்தில் உட்காரலாம், அந்த ஓரத்தில் உட்காரலாம். இறங்கித் தெருவில் நின்றால்தான் கால் வலிக்கும்.

54 உங்களுக்குத் தெரு என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே சாட்சி இருக்கிறது: நின்றுபோன மாதவிடாயும் கொட்டிய முடியும். வயதுக்கு வரும்போது ஆண்பிள்ளைக்குத் தசை கூடுகிறது, பெண்ணுக்குக் கொழுப்பின் பங்கு கூடுகிறது. இது கோளாறு அல்ல, அந்த உடம்பின் அமைப்பே அதுதான். பெண்ணுக்கு அத்தியாவசியக் கொழுப்பு மட்டுமே உடம்பில் பத்து சதவீதத்துக்கு மேல், ஆணைப்போலப் பல மடங்கு. உள்ளே வருகிற சக்தி போதவில்லை என்று மூளைக்குப் பட்டால் அது முதலில் நிறுத்துவது கருமுட்டை வேலையை. மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கினால் எலும்பும் சேர்ந்து வலுவிழக்கும். இருபதுகளில் சேமிக்க வேண்டிய எலும்பை அப்போது இழந்தால் பின்னால் முழுவதும் மீட்பது கடினம். முடி உடனே கொட்டாது, எடை வேகமாக இறங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால்தான் பலர் ஷாம்பூவைக் குறை சொல்கிறார்கள். ஒல்லியாக இருப்பவருக்குத்தான் இதெல்லாம் வரும் என்றும் இல்லை. பார்க்கப் பூசினாற்போல இருக்கும் பெண்ணுக்கும், வரவைவிடச் செலவு பல மாதம் அதிகமாக இருந்தால் வரும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில், வேறொரு மருத்துவமனையில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஏழு மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்திருந்தாள், மாதவிடாய் நின்று ஐந்து மாதம். அவளுடைய முதல் எடையும் அப்போதைய எடையும் அட்டவணைக்குள்தான் இருந்தன. நான் ஃபைலைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எப்படிம்மா குறைச்சே? எனக்கும் சொல்லிக் கொடு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. அவளுக்கு உணவுக் கோளாறு நோய் இருந்தது. கண்டுபிடித்தது இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர். நான் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் அந்த நோய்க்குத் தீனி போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு எடை குறைந்து வருகிற யாரையும் நான் முதல் வார்த்தையில் பாராட்டுவதில்லை. "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா?" என்று கேட்கிறேன். அந்த வகை நோய்களில் ஒன்றான அனொரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்குவது, மனநோய்களிலேயே உயிரைப் பறிப்பதில் முன்வரிசையில் இருப்பது.

மெலிந்தே ஆக வேண்டும் என்ற இந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதற்கு, பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜித் தீவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்வேன். ஆன் பெக்கர் என்ற மருத்துவர்-மானுடவியலாளர் செய்தது. வாட்டசாட்டமான உடம்பை மதிக்கிற ஊர். யாராவது இளைத்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். 1995-ல் அங்கே தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998-ல் அதே பள்ளிகளில் கேட்டபோது 11 சதவீதம் பேர் சொன்னார்கள். இரண்டு தடவையும் கேட்டது வேறு வேறு மாணவிகளிடம், எண்ணிக்கையும் அறுபதைச் சுற்றித்தான். அதனால் டிவிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்று வருடத்தில் ஓர் ஊரின் கண் மாறிவிட முடியும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நேர் எதிராக, மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டேனியாவில் சிறுமிகளைக் கட்டாயப்படுத்திக் கொழுக்க வைக்கிற வழக்கம் இருக்கிறது. ஒல்லியாக இருந்தால் அங்கே குறை. ஓரிடத்தில் ஊட்டி வதைக்கிறார்கள், இன்னோரிடத்தில் பட்டினி போட்டு வதைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறவளைக் கேட்பதில்லை.

வியாபாரமும் உண்டு. 1928-ல் ஒரு சிகரெட் கம்பெனி, இனிப்பை எடுக்காதே, சிகரெட்டை எடு என்று பெண்களுக்கு விளம்பரம் செய்தது. பிறகு பசியை அடக்க ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மாத்திரைகள். 1997-ல் ஃபென்ஃப்ளூரமின் என்ற எடைக்குறைப்பு மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இதய வால்வைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் விழுங்கியவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

"சொன்னால்தானே குறைப்பாள்" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எடையைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர்கள் மெலிவதில்லை. ஆறாயிரம் பேருக்கு மேல் சில வருடங்கள் பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், எடைக்காகப் பாரபட்சத்தைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் உடல்பருமனுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. ஒன்றால்தான் மற்றொன்று என்று அதைவைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் கேலி மருந்தாக வேலை செய்கிறது என்பதற்கு என்னிடம் யாரும் இதுவரை ஓர் ஆதாரமும் காட்டியதில்லை. என் அனுபவத்தில் கேலி கேட்ட பெண் முதலில் நிறுத்துவது நீச்சல், இல்லை நடனம். அடுத்து மருத்துவரிடம் போவதை. எதற்குப் போனாலும், காது வலி என்றாலும், "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்ற பேச்சைக் கேட்க வேண்டுமே என்று தள்ளிப்போடுவார்கள்.

கொஞ்சம் கூடுதல் எடை ஆயுளைக் குறைக்கிறதா என்று கேட்டால், ஆய்வுகள் கை குலுக்கவில்லை. 2013-ல் ஏறக்குறைய 29 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்த ஆய்வு, 25-க்கும் 30-க்கும் இடையில் பிஎம்ஐ உள்ளவர்கள் "சரியான எடை" உள்ளவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இறந்தார்கள் என்றது. 2016-ல் வந்த இன்னும் பெரிய தொகுப்பு, புகைப்பிடிப்பவர்களையும் ஏற்கெனவே நோயுள்ளவர்களையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் 20-க்கும் 25-க்கும் இடையில்தான் சாவு குறைவு என்றது. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஆனால் நீங்கள் இருக்கும் 24.8 என்பது இரண்டு தொகுப்பின்படியும் பயப்படுகிற இடமில்லை.

எடை உண்மையிலேயே நோயாகிற நேரங்கள் உண்டு. அதை மறைத்தால் நானும் இன்னொரு வகையில் பொய் சொன்னவளாவேன். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால், ஈரலில் கொழுப்பு படிந்தால், கருமுட்டைப் பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு மாதவிடாய் தாறுமாறாக வந்தால், எடையைக் குறைப்பது பலன் தரும். ஆனால் எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் (2002) வைத்த இலக்கு ஏழு சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. ஏழு சதவீதம் உங்களுக்கு என்றால் நான்கு கிலோ சொச்சம். சொந்தக்காரர்கள் கேட்கிற பத்துக்கு மருத்துவத்தில் கணக்கே இல்லை. இப்போது எல்லோரும் பேசுகிற செமாக்ளுடைட் என்ற எடைக்குறைப்பு ஊசி வேலை செய்கிறது, உண்மை; நிறுத்தினால் ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வருகிறது, அதுவும் உண்மை. நோய்க்கு அது மருந்து. ஃபோட்டோவில் நன்றாக விழுவதற்கு அதைக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிற மருத்துவர்களை நான் மதிக்கிறேன்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது இது. 54-க்கு நான்காவது முறை போகாதீர்கள். மாதவிடாய் நின்றதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது சொல்லுங்கள், தைராய்டும் சேர்த்துப் பார்க்கட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்புச் சத்து, ரத்த அழுத்தம் மூன்றும் பாருங்கள். இவை சரியாக இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்காமல், இரவு தூக்கம் வந்து, சாப்பாட்டைப் பற்றி நாள் முழுக்க யோசிக்காமல் இருக்க முடிந்தால், நீங்கள் திண்ணையில்தான் இருக்கிறீர்கள். சர்க்கரை எல்லையில் வந்தால் மூன்று நான்கு கிலோவை ஒரு வருடத்தில் மெதுவாக இறக்க ஒரு டயட்டீஷியனோடு உட்கார்ந்து பேசலாம். நடையை விடாதீர்கள், வாரம் இரண்டு நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள், தசையும் எலும்பும் பிழைக்கும், மெஷினில் எண் குறையாவிட்டாலும். தினமும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். உப்பு, தண்ணீர், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், இவற்றிலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அதைப் பார்த்து அன்றைய மனநிலையை முடிவு செய்வது காற்றைப் பார்த்துக் கோபப்படுவது மாதிரி.

வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். என் நோயாளி ஒருவர் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். யாராவது எடையைப் பற்றித் தொடங்கினால், "என் சுகர் நார்மல், பிரஷர் நார்மல், உங்களோடது எவ்வளவு?" என்று அக்கறையாகக் கேட்பாராம். அத்தோடு பேச்சு மாறிவிடுமாம். எல்லா வீட்டிலும் இது எடுபடாது. அம்மாவிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். பெரும்பாலும் அம்மாவும் இதே மெஷினில் இதே முகத்தோடு ஏறியவராகத்தான் இருப்பார்.

ஒரே ஒரு அளவு உங்கள் கேள்வியில் இல்லை, எனக்கு அதுதான் முதலில் வேண்டும்: இடுப்புச் சுற்றளவு. உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. உங்களுக்கு 79 சென்டிமீட்டர். பாவாடை கட்டுகிற இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். நிமிர்ந்து நின்று, சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகு அளங்கள். வயிற்றை எக்காமல்.